சென்மப் பாவம்: சொல்லுக்குள் ஒரு வழக்கு

செண்பகனூரில் ஒரு ஞானஸ்நான விருந்து. பிரியாணி முடிந்து வெற்றிலை மெல்லும் நேரத்தில் பூம்பாறைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார்: "நாப்பது நாள் பச்சப் புள்ள. அது என்ன பண்ணுச்சுன்னு தண்ணி ஊத்திக் கழுவுறீங்க, உபதேசியாரே?"

"சென்மப் பாவம்" என்றார் ஊரில் மறைக்கல்வி சொல்லித்தரும் அந்த உபதேசியார்.

கத்தோலிக்க வீடுகளில் பழகிய சொல். நாமே செய்யும் 'கர்மப் பாவ'த்திலிருந்து பிரித்துக் காட்ட வந்தது. வடமொழி 'ஜன்ம'தான் இங்கே சென்மம். சிக்கலும் அதில்தான். தமிழ்க் காதுக்குச் சென்மம் என்றால் போன பிறவியும் சேர்ந்தே கேட்கும். பூம்பாறைக்காரர் முன்வினை என்றே எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவத்தில் முற்பிறவி கிடையாது. முதல் மனிதன் ஆதாம் செய்த பாவத்தால் அவன் வழிவந்தவர்களுக்குப் பிறப்போடு ஒட்டிவருவது என்பதே பொருள். 'ஆதிப் பாவம்' என்றும் சொல்வார்கள். அது ஆதாம் செய்ததைக் காட்டுகிறதே தவிர, நமக்கு வந்துசேர்ந்ததை அல்ல.

மூலம் இலத்தீன்: 'பெக்காத்தும் ஒரிஜினாலே'. பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீனார் நிலைநிறுத்திய தொடர். விவிலியத்தில் உரோமையர் 5:12இல், 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்று இன்று பெரும்பாலோர் படிக்கும் கிரேக்க வரி, அவர் கையிலிருந்த இலத்தீனில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று படிக்க இடம் தந்தது. ஓர் இடைச்சொல் செய்த வேலை! கிரேக்கத்திலேயே படித்த கீழை (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபை, ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவு, குற்றமல்ல என்கிறது. அகுஸ்தீனார் காலத்துத் துறவி பெலாஜியுஸ், பிறப்போடு பாவம் வரும் என்ற கருத்தையே மறுத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் அவர் போதனையைக் கண்டித்தது.

இன்றைய சொல் 'பிறப்புநிலைப் பாவம்'. என் ஓட்டு இதற்கே. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதைச் செயலல்ல, நிலை என்கிறது. ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் இது சொந்தக் குற்றமாகாது என்றும் சொல்கிறது. அந்த 'நிலை' தமிழில் அப்படியே வந்துவிட்டது.

உபதேசியார் இதையே உருளைக்கிழங்கில் சொன்னார்: "விதைக்கிழங்குல நோய் இருந்தா வெள்ளாமையிலயும் வரும்ல?"

"வரும். அதுக்காகக் கிழங்கு மேல கேஸு போடுவமா?"

எனக்கும் 'பாவம்' உறுத்தியது. 'ஐயோ பாவம்' என்று இரங்கவும் நமக்கு அதே சொல்தானே. 'பிறப்புக் குறை' என்று சொல்லிப் பார்த்தேன்.

உபதேசியார் தலையாட்டி மறுத்தார். "குறைக்கு டாக்டர் போதும். மீட்பர் எதுக்கு?"

"அப்ப குத்தமில்லன்னு சொல்லாதீங்க" என்று வெற்றிலையைத் துப்ப எழுந்தார் பூம்பாறைக்காரர்.