பங்குனி உத்திரம் திடீரென்று வருவதில்லை

போன ஜூனில் ஒரே வாரத்தில் நான்கு குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்தன. "பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டணும், நகையை எங்க வைக்கலாம்?" வங்கியில் நகைக்கடன் பார்த்த காலத்திலிருந்தே இந்த ஜூன் கூட்டத்தைப் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு பாளையங்கோட்டையில் குடும்பங்களுக்கு வரவு செலவு ஆலோசனை சொல்லி வருகிறேன். நான்காவதாக வந்த தம்பதி எழுந்து போனபோது, இதை எழுதாமல் விடக்கூடாது என்று பட்டது.

கணவர் துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்து இரண்டு வருஷம். இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 31,000 ரூபாய். முன்பு வந்ததில் பாதிகூட இல்லை.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். பால், கீரை, கேஸ், பள்ளி வேன் என்று தேதி வாரியாக எல்லாம் இருந்தது. கறிவேப்பிலைக்குக் கொடுத்த 5 ரூபாயைக்கூட விடவில்லை. மாதச் செலவு 28,000.

"எல்லாம் எழுதத்தான் செய்யுதேன் சார். காப்பிப் பொடியைக்கூட பாதியாக்கிட்டேன். இதுக்கு மேல எதைக் குறைக்க?"

"அப்புறம் ஏன்மா நகை பேங்குக்குப் போகுது?"

"அது திடீர்ச் செலவு சார்."

எனக்குப் பொறுக்காத சொல் இதுதான். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பது யாருக்குத் தெரியாது? தீபாவளி சொல்லாமலா வருகிறது? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் நம் பக்கம் உண்டா? அன்றைக்கு வேன் பிடிக்க வேண்டும், பொங்கலிட வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோயிலில் குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்கள் எத்தனை பேர்! ஊர்க்கோயில் திருவிழாவான கொடை வந்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல்படி என்னும் சீர். ஆவணியிலும் தையிலும் கல்யாண மொய். எல்லாம் நாள் குறித்து வருபவை. மாரடைப்பு திடீர்ச் செலவு, வேலை போவது திடீர்ச் செலவு. கொடை அப்படி இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வருஷத்துக்கு ஒருமுறை வருவதை மட்டும் எழுதச் சொன்னேன். பள்ளிக் கட்டணம் 42,000. தீபாவளி 15,000. மொய் 12,000. கொடையும் அதற்கு வரும் விருந்தாளிகளும் 11,000. நாத்தனாருக்குப் பொங்கல்படி 6,000. வண்டி இன்சூரன்ஸ் 2,000. வீட்டு வரி 2,000. கூட்டினால் 90,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500.

கணவர் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எங்க சம்பளம் 31,000 இல்லையா அண்ணாச்சி?"

இல்லை. கைச்செலவுக்கு உள்ளது 23,500தான். மாதம் மிஞ்சும் 3,000 வருஷத்துக்கு 36,000. தேவை 90,000. இடையில் விழும் 54,000 ரூபாய்ப் பள்ளத்தைத்தான் வருஷா வருஷம் அந்த அம்மாவின் சங்கிலி அடைத்துக்கொண்டிருக்கிறது. காப்பிப் பொடியைக் குறைத்து இந்தப் பள்ளம் மூடாது. மிச்சம் பிடிப்பது என்றாலே அடுப்படியில் கை வைக்கிறோம். அது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் தட்டில்தான் போய் முடிகிறது.

நகைக்கடனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி 'மாத்தி' வைத்தால் கடன் அடைந்ததாக நினைக்கிறார்கள். அசல் அப்படியே நிற்கிறது. தங்கம் விலை ஏறியிருந்தால் கூடுதல் தொகையும் வாங்கிக்கொள்கிறார்கள், அசல் இன்னும் ஏறுகிறது. எங்கள் கிளை நகை மதிப்பீட்டாளர் சில சங்கிலிகளைக் கொக்கியில் பற்றவைத்த தடத்தை வைத்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். அத்தனை தடவை அவர் உரைகல்லில் உரசியிருக்கிறார்.

அந்தத் தம்பதியை அன்றைக்கே பட்டியலோடு உட்காரவைத்தோம். கொடைக்கு வரியும் சாமி காரியமும் மட்டும், விருந்து இந்த வருஷம் இல்லை. தீபாவளி 8,000, மொய் 7,000. பட்டியல் 72,000க்கு வந்தது, அதாவது மாதம் 6,000. கையில் மிஞ்சுவது 3,000. மீதிக்கு? சொந்தக்காரர்கள் வந்தால் தங்க என்று பூட்டியே கிடந்த மாடி அறையை 3,000 ரூபாய் வாடகைக்கு விடுவது என்று முடிவானது. காப்பிப் பொடி பழைய அளவுக்கே திரும்பியது. அதை நான் வற்புறுத்திச் சொன்னேன்.

நீங்களும் இன்றைக்கே உட்காருங்கள். தனியாக வேண்டாம், கணவன் மனைவி இரண்டு பேரும். சம்பளம் வந்த அன்றே வருஷப் பட்டியலில் பன்னிரண்டில் ஒரு பங்கை, மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பான ஆர்.டி.யில் போட்டுவிடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்று இருக்காதீர்கள். தபால் நிலைய ஆர்.டி. 5 வருஷத்துக்கானது. ஜூன் ஃபீஸுக்கு அது உதவாது, வங்கியில் 12 மாத ஆர்.டி. தொடங்குங்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். மீதிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். 'வருஷத்துக்கு 12 சதவீத வட்டிதான்' என்று கடன் கொடுக்க வருகிறவரிடம், அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா என்று கேளுங்கள். குறையாது என்றால், மூன்று வருஷக் கடனுக்கு உண்மை வட்டி ஏறத்தாழ 21 சதவீதம்.

முதல் இரண்டு மூன்று மாதம் கணக்கு இடிக்கும். அதற்காக நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். வருமானம் குறைந்துவிட்டதை வீட்டுப் பெரியவர்களிடம் மறைக்காதீர்கள். அந்தக் கணவர் இரண்டு வருஷமாகத் தன் அம்மாவிடம் சொல்லவே இல்லை. துபாயில் இருந்தபோது அனுப்பிய கணக்கிலேயே கொடைக்கு எல்லாரையும் அந்தத் தாய் அழைத்துக்கொண்டிருந்தார். என் முன்னாலேயே போன் போட்டார் மகன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை முன்னாலயே சொல்லக் கூடாதாய்யா? நான் யாரையும் கூப்பிடல" என்றார்.

பழைய நகைக்கடன் இன்னும் இருக்கிறது. ஆர்.டி. ஜூலையில் தொடங்கியாகிவிட்டது.