லேபிளைப் பார்க்கும் முன் சேடிலைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஒரு பழைய கிளாசிக்கல் கிட்டாரோடு பட்டறைக்கு வந்தார். 1970களில் ஸ்பெயினில் செய்தது. பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் காட்டியது ஒலித்துளைக்குள் ஒட்டியிருந்த லேபிளைத்தான். ஆண்டு, கையெழுத்து எல்லாம் இருந்தன. "ஒரு விரிசல்கூட இல்லை, பாருங்கள்" என்றார். உண்மைதான், இல்லை. நான் பார்த்தது சேடிலை. தந்திகள் ஏறி உட்காரும் அந்த எலும்புத் துண்டு, அதைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர்தான் எட்டிப் பார்த்தது. அப்படியிருந்தும் 12வது ஃப்ரெட்டில், அதாவது விரல் பலகையில் குறுக்கே பதித்த 12வது உலோகப் பட்டைக்கு மேலே, ஆறாவது தந்தி 5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது.

அந்த இடத்தில் ஆறாவது தந்திக்கு 4, முதல் தந்திக்கு 3 மில்லிமீட்டர் என்றால் வாசிக்க வசதி. 12வது ஃப்ரெட் தந்தியின் சரிபாதி நீளத்தில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறக்க சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இங்கே தேய்க்க மிச்சமே இல்லை. முன்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் விற்றுவிட்டார்கள்.

நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையில் இழுக்கின்றன. பழைய கிளாசிக்கல் கிட்டார்களில் நெக்குக்குள், அதாவது கழுத்துக்குள், முறுக்கித் திருத்தும் இரும்புக் கம்பி பெரும்பாலும் கிடையாது. பல பத்தாண்டுகள் அந்த இழுவையை மரம் மட்டுமே தாங்குகிறது, நெக் மெல்ல முன்னால் சாய்கிறது, தந்திகள் ஃப்ரெட்டை விட்டு உயர்கின்றன. ஸ்டீல் கம்பி கிட்டார் என்றால் பலவற்றில் மூட்டுக்கு ஆவி காட்டி நெக்கைக் கழற்றி, கோணம் திருத்தி மறுபடி பொருத்திவிடலாம். ஸ்பானிஷ் முறையில் நெக்கின் அடிக்கட்டையில் காடி வெட்டி, பக்கப் பலகைகளை அதற்குள் செருகி, உடலையே நெக்கைச் சுற்றிக் கட்டுகிறார்கள். கழற்ற அங்கே தனி மூட்டு இல்லை.

விரிசலைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மர ரேகையோடு ஓடிய விரிசலை வஜ்ஜிரம் வைத்து ஒட்டி, உள்ளே சின்னத் தாங்கு கட்டைகள் வைத்திருந்தால் அந்தக் கிட்டார் இன்னும் ரொம்ப நாள் ஓடும். சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் ஒலித்துளைக்குள் விட்டால் ஒட்டின லட்சணம் தெரிந்துவிடும். விரல் கணுவால் மேல் பலகையை அங்கங்கே தட்டுங்கள். ஜிர்ரென்று அதிர்ந்தால் பலகைக்கு அடியில் ஒட்டிய தாங்கு பட்டி ஒன்று பிரிந்திருக்கலாம். பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் காகிதம் நுழைந்தால் அது எழும்பத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் லேசான மேடு இயல்பு. முன்னால் ஒலித்துளைப் பக்கம் குழி விழுந்திருந்தால் யோசியுங்கள். இந்தக் கிட்டாரில் எப்போதாவது ஸ்டீல் கம்பி போட்டீர்களா என்று கேட்கவும் மறக்காதீர்கள். அவற்றின் இழுவை 70 கிலோவைத் தாண்டும்.

பழசானால் நாதம் கூடும் என்பார்கள். நல்ல ஸ்ப்ரூஸ், சீடர் பலகையில் அதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்துத் தொழிற்சாலைக் கிட்டார்கள் பலவற்றில் மேல் பலகையே பிளைவுட்தான், அதற்கு எத்தனை வயதானாலும் அதே குரல்தான். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கினால் முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

அப்புறம், தந்தி நீளம். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானிஷ் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் நிலைநிறுத்திய 650 மில்லிமீட்டர்தான் இன்றும் பொது அளவு. 1960, 70களில் மாட்ரிட்டின் ராமிரெஸ் பட்டறை செய்த கிட்டார்கள் பலவற்றில் அது 664. சின்னக் கைக்கு அந்த 14 மில்லிமீட்டர் முதல் ஃப்ரெட்டுகளிலேயே உறைக்கும். நட்டிலிருந்து, அதாவது நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் துண்டிலிருந்து, 12வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு மட்டும் ஒன்று. கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் போடும் பிரேசில் ரோஸ்வுட் மரம், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் வந்த விலக்கு இதற்குப் பொருந்தாது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் கிட்டார் சுங்கத்தோடு போய்விடலாம்.

நேரில் பார்க்க வழியில்லை என்றால் இரண்டு படங்கள் கேளுங்கள்: 12வது ஃப்ரெட்டில் அளவுகோல் வைத்து ஒன்று, சேடிலைப் பக்கவாட்டில் நெருக்கமாக ஒன்று. லேபிள் படம் நீங்கள் கேட்காமலே வரும்.

பட்டறைக்கு வந்தவரின் கிட்டாருக்குப் ஃப்ரெட்டுகள் பதித்த பழைய விரல் பலகையைச் சூடு காட்டி எடுத்துவிட்டு, நட் பக்கம் மெலிந்து உடல் பக்கம் தடித்த புதிய ஒன்றை ஒட்டினேன். புது ஃப்ரெட்டுகள், புது நட், உயரமான சேடில். இப்போது நன்றாக வாசிக்கிறது. எனக்குக் கொடுத்த கூலியையும் சேர்த்துப் பார்த்தால், அவர் ஒரு புதுக் கிட்டாரே செய்யச் சொல்லியிருக்கலாம்.