வரியிடைப் பதவுரை: சொல் விளக்கம்

ஒரு மொழியின் வாக்கியத்தை ஒரு வரியில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே அதன் பொருளையும் இலக்கணக் குறிப்பையும் வைத்து, மூன்றாம் வரியில் முழு வாக்கியத்தின் கருத்தைத் தருவது மொழியியலில் நிலைத்துவிட்ட முறை. ஆங்கிலத்தில் இதை 'இன்டர்லீனியர் கிளாஸ்' என்கிறார்கள். படுகு, தோடா, கோத்தா, இருளா என்று அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு மொழிகள் வழங்கும் நீலகிரியில், பாட்டிமார் சொல்லும் கதையையும் பாட்டையும் எழுதிவைக்க முனையும் எவருக்கும் இந்த முறை தேவைப்படும். அதற்கு நல்ல தமிழ்ப் பெயரும் தேவைப்படும்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. படுகு மொழியில்:

நின்ன ஹெசரு
நீ.வே6 பெயர்
'உன் பெயர்'

'வே6' என்பது ஆறாம் வேற்றுமை. 'நின்ன' என்ற ஒரே சொல்லுக்குள் 'நீ' என்பதும் உடைமைப் பொருளும் சேர்ந்திருக்கின்றன. சொல்லைப் பிரிக்காமல் அப்படியே விட்டிருப்பதால் இரண்டுக்கும் நடுவே புள்ளி. பிரித்துக் காட்டினால் மேல்வரியிலும் கீழ்வரியிலும் சிறுகோடு வரும். இரண்டிலும் கோடுகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். 'ஹெசரு' நமக்கு அந்நியமான சொல்லும் அல்ல. ஹட்டிக்கும் (படுகர் ஊர்) நம் பட்டிக்கும் உள்ள உறவுதான் ஹெசருக்கும் பெயருக்கும். அந்த உறவைக் கண்ணுக்கு நேரே நிறுத்துவது இந்த இரண்டாம் வரி.

'கிளாஸ்' என்பதன் வேர் கிரேக்கம். 'குளோஸ்ஸா' என்றால் நாக்கு, அதன்வழி மொழி. பிறகு விளக்கம் வேண்டிய அரிய சொல்லை அது குறித்தது. இலத்தீனுக்குப் போனபின் விளக்கத்தையே குறிக்கலாயிற்று. 'இன்டர்லீனியர்' என்பது வரிகளுக்கு நடுவே உள்ளது. பெயருக்கேற்ற பழைய சான்று இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு. அதன் இலத்தீன் வரிகளுக்கு மேலே, ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் பத்தாம் நூற்றாண்டில் பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருளைச் சிற்றெழுத்தில் எழுதிவைத்தார். இன்று மொழியியலார் பின்பற்றுபவை லைப்சிக் விதிகள். காம்ரி, ஹாஸ்பெல்மாத், பிக்கல் ஆகிய மூவர் முன்னின்று வகுத்தவை. மேலே சொன்ன புள்ளியும் சிறுகோடும் அவற்றிலிருந்து வந்தவையே.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'இடைவரி மொழிபெயர்ப்பு' பொருந்தாது. மொழிபெயர்ப்பு மூன்றாம் வரியின் வேலை. இரண்டாம் வரி மொழிபெயர்ப்பதில்லை, பிரித்துக் காட்டுகிறது. 'அருஞ்சொற்பொருள்' கடினமான சொற்களுக்கு மட்டும் உரியது. நம் உரைமரபிலோ இதற்கு நெருங்கிய சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. இறையனார் களவியல் உரை கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங் கூறல் என்று உரையை நால்வகைப்படுத்துகிறது. இவற்றுள் கண்ணழித்தல் என்பது சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வது. கண் என்பதற்குக் கணு என்றும் பொருள் உண்டு. இதைவிட அழகான சொல் கிடைக்காது என்பேன். ஆனால் இன்றைய வாசகருக்கு அது வேறு எதையோ நினைவூட்டும். ஆகவே எல்லாரும் அறிந்த பதவுரைதான் கைகொடுக்கும். மூன்றாம் வரிக்குப் பொழிப்புரை என்ற பெயர் முன்பே ஆயத்தமாக இருக்கிறது.

ஆனால் வெறும் 'பதவுரை' போதாது. நம் பதவுரைகள் பெரும்பாலும் செய்யுளின் சொல்வரிசையைக் கலைத்து, கொண்டுகூட்டி, பொருள்வரிசையில் அடுக்கிச் சொல்பவை. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடமே விடுவதில்லை. வரிக்கு நடுவே உரை எழுத ஏது வழி? உரை மூலத்தைத் தொடர்ந்தே ஓடிற்று. மொழியியலாருக்கோ மூலத்தின் சொல்வரிசை கலையவே கூடாது; அந்த மொழி எப்படி அடுக்குகிறது என்பதுதான் அவர்கள் பார்க்க விரும்புவது. அந்த வேறுபாட்டைச் சுமக்கும் அடைமொழி 'வரியிடை'. எனவே வரியிடைப் பதவுரை.

சொல்லுக்குள் பிரிப்பதற்கும் நமக்குப் பயிற்சி உண்டு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொல்லும் ஆறும் பள்ளியில் படித்தவைதாம். தேயிலை 'பறித்தாள்' என்பதை நாம் பறி+த்+த்+ஆள் என்று பிரிப்போம்: பகுதி, சந்தி, இறந்தகால இடைநிலை, பெண்பால் விகுதி. வரியிடைப் பதவுரையில் பொருளற்ற சந்திக்குத் தனியிடம் தருவதில்லை. பறி-த்த்-ஆள் என்று மூன்றாகவே வரும். இரண்டும் சரியே, நோக்கம் வேறு.

இங்கேதான் நம் எழுத்து ஒரு சிக்கலைத் தருகிறது. 'தா' என்ற ஒரே எழுத்துக்குள் இடைநிலையும் விகுதியும் ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்தால் எழுத்தின் உருவமே மாறிவிடும். இணையத்தில் 'பறித்தாள்' என்று தேடுபவருக்குப் 'பறி-த்த்-ஆள்' அகப்படாது. ஆகவே தமிழ் எழுத்தில் எழுதும்போது பிரிக்காத மூலத்தைத் தனி வரியாக எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது கட்டாயம். மூன்று வரி நான்காகும், ஆகட்டும்.

இன்னொன்று, ஆங்கிலத்தார் இலக்கணக் குறிப்புகளைச் சிறிய தலைப்பெழுத்துகளில் எழுதிப் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுவார்கள். நமக்குத் தலைப்பெழுத்து இல்லை. 'நீ.உடைமை' என்று எழுதினால் உடைமை என்பது சொற்பொருளா, இலக்கணக் குறிப்பா? வேற்றுமைகளை எண்ணால் அழைக்கும் நம் வழக்கம் இங்கே பெரிய துணை. வே4, வே6 என்றால் குழப்பம் இல்லை. எண் தெரியாதவருக்குத் தலைப்பில் ஒரு பட்டியல் போதும்.

அடுத்தது, வரிகளை நேர்படுத்துவது. தட்டச்சில் இடைவெளிகளை அடுக்கிச் சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவது பழைய வழி. இணையப் பக்கத்தில் அது நிற்காது. உலாவி எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகச் சுருக்கிவிடும். இணையப் பக்கம் எழுதும் HTML மொழியின் 'பிரீ' (pre) என்ற குறிக்குள் வைத்தால் இடைவெளிகள் காக்கப்படும், ஆனால் அது எல்லா எழுத்தும் சம அகலம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. தமிழில் ரகரமும் ணகரமும் ஒரே அகலமா? யூனிகோடில் 'ஹெசரு' என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து, கணினிக் கணக்கில் ஐந்து குறியீடு, திரையில் வேறோர் அகலம். எண்ணி எண்ணி இடைவெளி விட்டாலும் வேறொரு கைபேசியில் திறந்தால் எல்லாம் சரிந்திருக்கும்.

அட்டவணை நன்றாக நிற்கும். நகலெடுத்து வெற்று உரையாக ஒட்டும்போது கலையும். எனவே வெற்று உரையில் நேர்படுத்தும் முயற்சியையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மேல்வரியில் எத்தனை சொல்லோ கீழ்வரியிலும் அத்தனை; நடுவே ஒரே ஓர் இடைவெளி. ஒரு சொல்லின் பொருளுக்கு இரண்டு சொல் தேவைப்பட்டால் நடுவே புள்ளி வையுங்கள், இடைவெளி விடாதீர்கள். வாக்கியம் நீண்டால் நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை வெட்டுங்கள். கைபேசித் திரையில் வரி மடிந்தால் எது எதற்குக் கீழே என்பது போய்விடும். அதற்கும் அடங்காததைச் செங்குத்தாக எழுதலாம், வரிக்கு ஒரு சொல்:

நின்ன = நீ.வே6
ஹெசரு = பெயர்

தோடா மொழிக்கு வரும்போது முதல் வரியே மல்லாடும். தமிழில் ர, ற என்று இரண்டு. தோடாவிலோ ஒலிக்கும் இடத்தால் மூன்று ரகரங்கள், அவை ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் கொண்ட இணை ஒன்று, ஆக ஆறு. தமிழ் எழுத்தில் தோராயமாக எழுதிவைத்தால் வேறுவேறு சொற்கள் ஒன்றாகிவிடும் அபாயம் உண்டு. அங்கே மூலவரிக்கு அனைத்துலக ஒலியெழுத்தை (IPA) பயன்படுத்துவதே நேர்மை. பதவுரையும் பொழிப்புரையும் தமிழிலேயே இருக்கலாம். கதை சொன்ன மந்தின் (தோடர் குடியிருப்பின்) பெயரையும், 'வே6' போன்ற குறிகளின் விரிவையும், எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்ற குறிப்பையும் அதே கோப்பின் தலையில் எழுதுங்கள். தனிக் கோப்பில் வைத்தால் இரண்டும் ஒருநாள் பிரிந்துவிடும்.