புரோட்டீன் பவுடர்: இந்த சொல் எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்லலாம், குழந்தைங்களுக்கு தேவையா

பிள்ளைக்கு புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமான்னு கேக்கறவங்க ரொம்ப பேர் அந்த பேரை ஒரு தடவை பிரிச்சு பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்னு நான் நினைக்கிறேன், அதனால முதல்ல சொல்லை பார்த்துட்டு அப்புறம் டப்பாவை பார்ப்போம்.

புரோட்டீன்ங்கறது 1838ல வச்ச பேரு. முல்டர்னு ஒரு டச்சு வேதியியலாளர் முட்டை வெள்ளையில, ரத்தத்துல எல்லாம் இருக்கற பொருளை ஆராய்ஞ்சு இது எல்லாத்துக்கும் அடியில ஒரே பொருள்தான் இருக்குன்னு நினைச்சாரு, அவருக்கு சுவீடன்ல இருந்து பெர்சீலியஸ்ங்கற இன்னொரு வேதியியலாளர் எழுதின கடிதத்துலதான் இந்த பேரே வருது. கிரேக்கத்துல புரோட்டோஸ்னா முதல், புரோட்டெயோஸ்னா முதலிடத்துல இருக்கறது. ஒரே பொருள்னு சொன்ன அந்த கருத்து பின்னாடி நிக்கல, அமினோ அமிலம்ங்கற சின்னச் சின்ன துண்டுகள் 20 வகை விதவிதமா கோர்த்து ஆயிரக்கணக்கான புரதம் உண்டாகுதுன்னு இப்ப தெரியும், அதுல 9 வகையை நம்ம உடம்பால செய்ய முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். ஆனா பேரு அப்படியே நின்னுடுச்சு, அதோட ஒட்டிக்கிட்ட 'முதலிடம்'ங்கற மதிப்பும் நின்னுடுச்சு. முல்டரோட சொந்த மொழியில மக்கள் இன்னிக்கும் இதை முட்டை வெள்ளைன்னுதான் சொல்றாங்க, ஜெர்மன்லயும் அப்படித்தான்.

இந்த முதலிட மதிப்பு குழந்தைங்க விஷயத்துல பெருசா விளையாடியிருக்கு, அதை சொல்லாம இந்த சொல்லோட கதை முடியாது. 1930கள்ல கானாவுல வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், உடம்பு வீங்கி தோல் உரியற ஒரு குழந்தை நோயைப் பத்தி எழுதினாங்க, அங்க கா மொழியில அதுக்கு இருந்த குவாஷியோர்கர்ங்கற பேரை 1935ல லான்செட் இதழ் மூலமா உலகத்துக்கு சொன்னாங்க, அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நின்னுபோன மூத்த குழந்தைக்கு வர்ற நோய்ங்கறது அந்த பேரோட கருத்து. இது புரதக்குறைன்னு எடுத்துக்கிட்டு, அப்புறம் பல வருஷம் உலகத்துல குழந்தைங்களோட ஊட்டக்குறைவு எல்லாத்துக்குமே புரதம்தான் மருந்துன்னு ஒரு எண்ணம் ஓடுச்சு. 1974ல மெக்லாரன்ங்கற டாக்டர் அதே லான்செட்ல இதை பெரிய தோல்வின்னே எழுதினாரு. முக்கியமான விஷயம் என்னன்னா மொத்த சாப்பாடே பத்தலைன்னா உடம்பு புரதத்தையும் எரிபொருளாத்தான் எரிக்கும். இது இன்னிக்கு நம்ம வீட்டுக்கும் அப்படியே பொருந்தும், சரியா சாப்பிடாத பிள்ளைக்கு சாப்பாட்டை விட்டுட்டு ஒரு கிளாஸ் பவுடர் கலக்கி கொடுத்தா அது தசையா போய் ஒட்டும்னு நம்பறது சரியில்ல.

தமிழ்ல புரதம். இந்த சொல் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஒலியில புரோட்டீனுக்கு பக்கத்துல நிக்குது, அதே நேரம் புரத்தல்னா காத்தல், புரவலர்னா ஆதரிச்சு காக்கறவர், குறள்லயே 'புரந்தார்கண் நீர்மல்க'ன்னு வருது. அப்ப புரதம்னா உடம்பை காக்கறதுன்னு படிக்கவும் இடம் இருக்கு. முதலிடம்ங்கறதை விட இந்த அர்த்தம் உண்மைக்கு கிட்ட இருக்கு.

பவுடர்க்கு மாவா பொடியா? மாவுன்னா தானியத்தையோ பயறையோ அப்படியே அரைச்சது, அதுல மாவுச்சத்து நார்ச்சத்து எல்லாம் இருக்கும். இந்த டப்பாவுல இருக்கறது பாலைத் திரிச்சு கட்டியை எடுத்தப்புறம் நிக்கிற தெளிஞ்ச தண்ணியில இருந்தோ சோயா, பட்டாணியில இருந்தோ புரதத்தை மட்டும் பிரிச்செடுத்து உலர்த்தினது, அதனால சத்து மாவுன்னு சொல்லாதீங்க, புரதப் பொடிதான் சரி.

அடுத்தது இந்த பொடியை சொல்ற சப்ளிமென்ட்ங்கற சொல், பதில் இங்கதான் இருக்கு. லத்தீன்ல நிரப்பறதுங்கற வினையில இருந்து வந்த சொல், குறையற இடத்தை நிரப்பறது. தமிழ்ல இதை சிலர் இணை உணவுன்னு போடறாங்க, அது ஆபத்தான மொழிபெயர்ப்புன்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா இணை உணவுன்னா 6 மாசம் முடிஞ்ச குழந்தைக்கு தாய்ப்பாலோட சேர்த்து ஆரம்பிக்கிற வீட்டு சாப்பாடு, அதைப் படிச்சுட்டு ஒரு அம்மா கைக்குழந்தைக்கு பொடியை கலக்கிடக் கூடாது. தாய்ப்பால்ல 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம்தான் இருக்கு, பசும்பால்ல 3 கிராமுக்கு மேல, மனுஷக் குழந்தை அவ்வளவு குறைஞ்ச புரதத்துலயே நல்லா வளருது. ஐரோப்பாவுல புரதம் கூடுதலா இருந்த பால்மாவு குடிச்ச குழந்தைங்களுக்கு பின்னாடி எடை அதிகமா ஏறினதையும் ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. சப்ளிமென்டுக்கு குறைநிரப்பின்னு சொல்லலாம், சொல்லும்போதே 'எந்த குறை?'ன்னு கேள்வி வந்துடும், அதுக்காகவே இந்த சொல் வேணும்.

குறை இருக்கான்னு பார்க்க பெரிய கணக்கு வேண்டாம். அமெரிக்க அளவுகோல்படி ஒரு நாளைக்கு 1-3 வயசுக்கு 13 கிராம், 4-8க்கு 19 கிராம், 9-13க்கு 34 கிராம், அதுக்கு மேல 18 வரைக்கும் பையனுக்கு 52, பொண்ணுக்கு 46. ஒரு முட்டையில 6 கிராம், 200 மில்லி பால்ல 6 கிராமுக்கு மேல, வேகவச்ச பயறு 100 கிராம்ல 7, 8 கிராம், இதோடயே 6 வயசு பிள்ளைக்கு அன்னிக்கு கணக்கு முடிஞ்சிடும், சாப்பிட்ட தானியத்துல வர்ற புரதத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்ல. பெரியவங்க பொடியில ஒரு ஸ்கூப்ல சாதாரணமா 20, 25 கிராம் இருக்கும், அதாவது அந்த பிள்ளையோட ஒரு நாள் தேவையை விட ஒரே டம்ளர்ல அதிகம். மிஞ்சின புரதத்தை உடம்பு சேர்த்து வைக்காது, அதுல இருக்கற நைட்ரஜனை கல்லீரல் யூரியாவா மாத்தணும், சிறுநீரகம் அதை தண்ணியோட வெளியேத்தணும், மீதி சக்தியாவோ கொழுப்பாவோ போகும். வயிறும் ரொம்பிடும், அப்புறம் சாப்பாடு இறங்காது, அந்த சாப்பாட்டுல வரவேண்டிய இரும்புச்சத்து, நார்ச்சத்து எல்லாம் போச்சு.

இன்னொண்ணு, அமெரிக்காவுல 1994ல வந்த சட்டப்படி இந்த மாதிரி குறைநிரப்பிகளை விக்கறதுக்கு முன்னாடி அரசு சோதிச்சு அனுமதி தர்றது கிடையாது. சில பொடிகள்ல ஈயம், காட்மியம்னு நச்சு உலோகங்கள் இருந்ததை சோதனைகள்ல பார்த்திருக்காங்க, சின்ன உடம்புல ஈயம் சேர்றது மூளை வளர்ச்சியை பாதிக்கும். சிலதுல சர்க்கரை நிறைய, ஜிம் போறவங்களுக்கான சிலதுல கஃபீன் கூட இருக்கும். பால் அலர்ஜி இருக்கற பிள்ளைக்கு பால்ல இருந்து எடுத்த பொடி நேரடி ஆபத்து.

நிஜமாவே குறை இருக்கற குழந்தைங்களும் இருக்காங்க, தீக்காயம் பட்டவங்க, எடை ஏறாம தேங்கினவங்க, சில நாள்பட்ட நோய் இருக்கறவங்க, அவங்களுக்கு டாக்டரும் டயட்டீஷியனும் பார்த்து பொடி கொடுப்பாங்க, அதுல தப்பே இல்ல. ஃபீனைல்கீட்டோனூரியான்னு ஒரு பிறவிக்குறை, அதுல ஃபீனைல்அலனின்ங்கற அமினோ அமிலத்தை உடம்பால சரியா உடைக்க முடியாது, அது இருக்கற குழந்தைக்கு ஃபீனைல்அலனினை நீக்கின தனி புரதக் கலவைதான் உயிர்நாடி மாதிரி, ஆனா கடையில விக்கிற சாதாரண பொடி அதே குழந்தையோட மூளைக்கு கேடு. யூரியா சுழற்சியில, அதாவது கல்லீரல் நைட்ரஜனை யூரியாவா மாத்தற அந்த வேலையில, பிறவிக்குறை இருக்கற பிள்ளைங்களுக்கு திடீர்னு நிறைய புரதம் போனா ரத்தத்துல அம்மோனியா ஏறிடும், சில பேருக்கு அந்த குறை இருக்கறதே அதுவரைக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால டாக்டர் பொடி எழுதிக் கொடுத்தா எந்த குறைக்கு, நாளைக்கு எத்தனை கிராம், எப்ப நிறுத்தணும், மூணையும் கேட்டு எழுதி வாங்கிக்கங்க.