கமாரோவின் ஷாக் அப்சார்பருக்குள் இரும்புத்தூள்

662 குதிரைத்திறன் உள்ள மஸ்டாங்கோடு 580 குதிரைத்திறன் உள்ள கமாரோ எப்படிப் போட்டி போடும் என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அவர் சொல்வது ஃபோர்டின் 2013 ஷெல்பி ஜிடி500, செவர்லேயின் 2012 கமாரோ இசட்எல்1. நேர் ரோட்டில் கஷ்டம்தான். வளைவு வந்துவிட்டால் கதை வேறு. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் டயர் தரையை விட்டு எழும்பினால் அத்தனையும் வீண்.

அந்த மஸ்டாங்கின் பின்பக்கத்தில், லாரியில் இருப்பதுபோல, இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே ஆக்சில். இடது சக்கரம் மேட்டில் ஏறினால் வலதும் சாயும். எஞ்சினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் கனமும் கூடவே குதிக்கும். பழைய சரக்கு என்று கிண்டலடிக்கிறவர்கள் உண்டு. நான் அடிக்க மாட்டேன். செலவு குறைவு, முரட்டு உறுதி, அப்புறம் சட்டென்று கிளம்பும்போது பின்டயர்கள் இரண்டும் சாயாமல் தரையைக் கவ்வும். கால் மைல் பந்தயத்துக்கு வேறென்ன வேண்டும்? கமாரோவில் டிஃபரன்ஷியல் வண்டியின் அடிப்பகுதியோடு இருந்துவிடும். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் மணலில் காந்தத்தை உருட்டி இரும்புத்தூள் சேர்த்திருப்பீர்கள். அதை ஒரு டப்பா மூடியில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் குழப்பிக்கொள்ளுங்கள். மூடியைச் சாய்த்தால் வழியும். அடியில் காந்தத்தை வைத்துச் சாய்த்துப் பாருங்கள்: விழுது மாதிரி அப்படியே நிற்கும். காந்தத்தை எடுத்ததும் மறுபடி வழியும்.

இசட்எல்1-இல் சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பருக்குள் இருப்பதும் இதே சரக்குதான், சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களோடு. பிஸ்டனில் ஒரு மெல்லிய இடுக்கு, பக்கத்தில் கம்பிச்சுருள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் துகள்கள் கைகோத்துச் சங்கிலிகளாகி இடுக்கின் குறுக்கே நிற்கின்றன. அவற்றை அறுத்துக்கொண்டுதான் எண்ணெய் நகர முடியும், ஷாக் இறுகிவிடுகிறது. மின்சாரம் நின்றால் சங்கிலி கலைந்துவிடும். திறந்து மூடும் வால்வு எதுவும் கிடையாது. நொடிக்கு ஆயிரம் முறை வரை கணினி இதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. பிரேக் அடித்து மூக்கு குத்தும்போது முன்பக்கம் கெட்டி, மேடுபள்ளத்தில் இளக்கம்.

இந்தத் திரவத்தை 1940-களின் கடைசியில் ஓர் அமெரிக்க அரசு ஆய்வகத்தில் உருவாக்கியவர் ஜேக்கப் ராபினோவ். அவர் யோசித்தது கிளட்சுக்காக! கார் ஷாக்கில் அது வந்ததோ 2002-இல், கேடிலாக் செவில் மூலம். ஆராய்ச்சி தொடங்கிய மூன்றாவது வருடமே ‘இதனால் என்ன லாபம்’ என்று கேட்டு நிதியை நிறுத்துகிற அதிகாரிகளை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மஸ்டாங்கும் 2015 மாடலில் அந்த ஒற்றை ஆக்சிலைக் கழற்றிப் போட்டுவிட்டது. அதன் பிறகு வந்த ஷெல்பி ஜிடி350ஆர் காரின் ஷாக்கில் இருந்ததும் இதே இரும்புத்தூள் எண்ணெய்தான்.