ஃபிரேம்வொர்க்: சட்டகமா, கட்டமைப்பா?

கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும், எத்தனை நாளாகும் என்று கேட்டால், "ஜாங்கோவில் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்பார் செய்து தருகிறவர். ஜாங்கோ ஒரு ஃபிரேம்வொர்க். பயனர் நுழைவு, கடவுச்சொல், தரவுத்தளம், சரக்கையும் விலையையும் மாற்ற ஒரு நிர்வாகப் பக்கம் என எந்தத் தொழில் தளத்துக்கும் பொதுவான வேலைகள் அதில் முன்பே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடைக்கே உரியதை மட்டும் எழுதினால் போதும். 2003-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில், ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் பிறந்தது இது. செய்தியறையில் கெடு சில மணி நேரம்தான். அந்த அவசரத்துக்காக உருவானதை 2005-ல் பொதுவில் வெளியிட்டார்கள். பெயர், ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் கலைஞருடையது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஃபிரேம்வொர்க்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கில 'ஃபிரேம்' பழங்காலத்தில் 'பயன்படு' என்ற பொருளில் வழங்கிய வினை. பிறகு, வீடு கட்ட மரத்தைத் தயார்செய்வதைக் குறித்தது. ஆக, அது தச்சுப் பட்டறை வழியாக வந்த சொல். நம் தச்சர்களுக்கும் மரச்சட்டம், சன்னல் சட்டம் உண்டு. அதனோடு உறவுள்ள 'சட்டகம்' பழைய அகராதிகளில் வடிவம், உடல் என்ற பொருள்களில் இருக்கிறது.

சிலர் 'கட்டமைப்பு' என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. சாலை, பாலம் தொடங்கி கட்சி அமைப்பு வரை ஏற்கெனவே அதன் தலையில் ஏகப்பட்ட சுமை.

சட்டகத்தின் பக்கம் நான் சாய்வதற்கு வேறு காரணம் உண்டு. நிரலகம் (லைப்ரரி), அதாவது முன்பே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு என்றால், தேவைப்படும்போது நம் நிரல் அதைக் கூப்பிடும். ஃபிரேம்வொர்க்கிலோ தலைகீழ்: அதுதான் நம் நிரலைக் கூப்பிடும். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், எதற்கு என்ன பெயர் என்பதிலும் அதன் பேச்சுதான் எடுபடும். வேகம் கிடைப்பதே அந்த விதிகளுக்கு அடங்கிப் போவதால்தான். மரச்சட்டம், விதிச்சட்டம் இரண்டுமே 'சட்டம்' என்ற ஒரே சொல்லுக்குள் நம்மிடம் இருக்கின்றன. மற்றப் பிள்ளைகளை அடக்கி வைக்கும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் நினைவுக்கு வருகிறான்!

அலுவலகப் பேச்சில் ஃபிரேம்வொர்க் என்றே சொல்லுங்கள், யாரும் கோபிக்கப் போவதில்லை. எழுதும்போது 'வலைச் சட்டகம்' எனலாம். வெறும் 'சட்டம்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், கடைக்காரர் வக்கீலைத் தேடிப் போய்விடுவார்.