படம் முழுக்கப் பொண்ணுங்க பேச்சா? அளந்துதான் பார்ப்போமே

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேள்வி அனுப்பியிருக்கிறார். ஹாலிவுட் விண்வெளிப் படம் ஒன்றின் தமிழ் டப்பிங்கை அண்ணனோடும் அண்ணனின் கூட்டாளிகளோடும் போய்ப் பார்த்திருக்கிறார். வெளியே வந்ததும் டீக்கடையில் வாக்குவாதம். "படம் ஃபுல்லா பொண்ணுங்களே பேசிக்கினு கீறாங்க, இன்னாத்துக்கு இப்படித் திணிக்கிறானுங்க?" என்று அண்ணன். "மொத்தமே நாலு சீன்தாண்ணா" என்று தங்கை. 'யார் சொன்னது சரி என்று அளந்து பார்க்க வழி இருக்கிறதா சார்?' என்பது கேள்வி.

வழி இருக்கிறது. அளந்தும் விட்டார்கள்.

இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் பட வரிசையில் 2015-ல் ஓர் இளம்பெண் கதாநாயகியானபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அதே வரிசையின் 2017 படத்தில் நடித்த நடிகை கெல்லி மேரி டிரான், ஓயாத வசவுக்குப் பிறகு 2018-ல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்தார். 2019-ல் பெண் சூப்பர்ஹீரோ படமான கேப்டன் மார்வெல் வெளியாகும் முன்பே, படத்தைப் பார்க்காதவர்கள் திரண்டு வந்து திட்டியதில், பட விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் வெளியீட்டுக்கு முன் கருத்து எழுதும் வசதியையே எடுத்துவிட்டது. படம் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சரி, அளவைக்கு வருவோம்.

முதலில் அண்ணனுக்காக ஒரு வார்த்தை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருக்கும். ஆன் கட்லர், டோனியா ஸ்காட் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேர் சரிசமமாகப் பேசும் உரையாடல்களைப் பதிவு செய்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு குரலும் ஆண், அல்லது இரண்டும் பெண் என்றால், கேட்டவர்கள் "சமமாகப் பேசினார்கள்" என்றார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால், பெண் அதிகம் பேசியதாகச் சொன்னார்கள். பேசிய அளவு மாறவில்லை, குரல்தான் மாறியது. ஆக, இந்த விஷயத்தில் காதை நம்பிக் கணக்குப் போட முடியாது. கருவி வேண்டும்.

அந்தக் கருவிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒலித்தடத்தை மட்டும் கேட்டு, இப்போது பேசுவது ஆணா பெண்ணா என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"ஆண் குரல் கட்டை, பெண் குரல் கீச்சு, அவ்வளவுதானே" என்று தோன்றும். பாதி சரி. தொண்டையில் இருக்கும் குரல் நாண்கள் பேசும்போது அதிர்கின்றன. சராசரியாக ஆணுக்கு விநாடிக்குச் சுமார் 120 முறை, பெண்ணுக்குச் சுமார் 210 முறை. ஆனால் இதை மட்டும் நம்பினால் கணினி ஏமாந்து போகும். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கானா பாடுகிறவர் உச்சத்துக்குப் போய் இழுக்கும்போது அவருடைய நாண்கள் சாதாரணமாகப் பேசும் பெண்ணுடையதைவிட வேகமாக அதிரும். ஆனாலும் காசிமேட்டில் யாரும் அதைப் பெண் குரல் என்று நினைப்பதில்லை. ஏன்?

ஏனென்றால் குரல் நாணில் முடிவதில்லை. நாணிலிருந்து உதடு வரை ஒரு குழாய் இருக்கிறது. தொண்டை, வாய் எல்லாம் சேர்ந்த குழாய். வளர்ந்த ஆணுக்கு அது ஏறக்குறைய 17.5 செ.மீ., பெண்ணுக்கு 14.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் 'ஊ' என்று வருமே, பாட்டில் சின்னதானால் சுருதி ஏறுமே, அதே சங்கதிதான். ஒவ்வொரு குழாயும் தனக்குப் பிடித்த சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கும், மற்றதை அமுக்கிவிடும். இதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும், கணக்கு அழகாக வரும். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாய் நமது. நாண் பக்கம் மூடியது, உதடு திறந்தது. இப்படிப்பட்ட குழாயில் முதல் ஒத்ததிர்வின் அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல நான்கு மடங்கு. 17.5 செ.மீ. என்றால் அலைநீளம் 70 செ.மீ. வாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். வகுத்தால் 500 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 500 அதிர்வு. அடுத்தவை அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும்: 1500, 2500. இப்போது 14.5 செ.மீ. போட்டுப் பாருங்கள். 600, 1800, 3000 என்று எல்லாமே சேர்ந்தாற்போல் மேலே ஏறும்.

இந்த வரிசைக்கும் நாண் எத்தனை முறை அதிர்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் விசேஷம். கானா பாடகர் நாணை எவ்வளவு முறுக்கினாலும் குழாய் 17 சொச்சம் செ.மீ.தான். உச்சஸ்தாயியில் பாடினாலும் ஆண் குரல் ஆண் குரலாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். நாக்கை மடித்து, உதட்டைக் குவித்து, இதே ஒத்ததிர்வுகளை இடம் மாற்றித்தான் 'அ', 'இ', 'உ' எல்லாம் செய்கிறோம். சாப்பிடவும் மூச்சு விடவும் அமைந்த குழாயை வைத்துக்கொண்டு மனிதர்கள் இவ்வளவும் செய்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் அடங்கவில்லை.

கணினி செய்வது இதன் நீட்சிதான். ஒலியை 25 மில்லி விநாடி துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று பார்க்கும். மனிதர் கையால் குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான மாதிரிகளில் பழகியிருப்பதால், ஆணா, பெண்ணா, பேச்சே இல்லையா என்று சொல்லும். அப்புறம் துண்டுகளைக் கூட்டினால் பேசிய நேரம் வந்துவிடும்.

திரையில் பெண்களுக்குக் கிடைக்கும் இடத்தை ஆராய ஹாலிவுட் நடிகை ஜீனா டேவிஸ் 2004-ல் தொடங்கிய நிறுவனத்துக்காக, கூகுளின் ஆதரவோடு, இந்த வேலையைத் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்தது ஸ்ரீகாந்த் நாராயணனின் ஆய்வகம். அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1988-ல் படித்து முடித்தவர். பேசும்போது வாய்க்குள் நாக்கு எப்படி நெளிகிறது என்பதை எம்.ஆர்.ஐ. கருவியில் படமாகவே எடுக்கும் ஆய்வகம் அது. வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸ் கலைஞரைக்கூட உள்ளே படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்முடைய ல, ள, ழ, ர, ற ஐந்துக்கும் நாக்கு எங்கே போகிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் 1999-லேயே எழுதிவிட்டார்கள். 'ழ'வின் பெருமையை மேடையில் பேச நம்மிடம் ஆள் பஞ்சமில்லை. அதை அளக்கத்தான் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் காதில் விழுந்தால் சரி.

அந்தக் கருவி 2015-ல் அதிகம் வசூலித்த ஹாலிவுட் படங்களை அளந்தபோது கிடைத்தது இது: ஆண்கள் பேசியது படத்தின் நேரத்தில் 28.4 சதவீதம், பெண்கள் பேசியது 15.4 சதவீதம். இன்னொரு கணக்கு முகத்தை வைத்து. பெண் கதாநாயகியாக இருக்கும் படங்களில்கூட ஆண்கள் திரையில் தெரியும் நேரம் 24 சதவீதம், பெண்கள் 22.6. கதை அவளுடையது, நேரம் பாதிப் பாதி. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இதுவே முன்னேற்றம்தான். ஸ்டார் வார்ஸின் முதல் மூன்று படங்களும் சேர்ந்து 386 நிமிடம். அதில் முக்கியப் பெண் பாத்திரமான இளவரசி லேயாவை விட்டுவிட்டு மற்றப் பெண்கள் பேசுவதை எல்லாம் வெட்டி ஒட்டினால் 63 விநாடிதான் வருகிறது.

பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ராகுகாலம் பார்த்துத் தொடங்கும் சினிமா உலகத்தில் "பொம்பளைங்க கதை ஓடாது" என்பதும் ஒரு சென்டிமென்ட். அதே 2015 படங்களில், பெண் கதாநாயகியாக இருந்தவை, ஆண் கதாநாயகனாக இருந்தவற்றைவிடச் சராசரியாக 15.8 சதவீதம் கூடுதலாகவே வசூலித்திருந்தன. ஒரே வருடத்துக் கணக்கு, சராசரியும்கூட. இதை வைத்துக்கொண்டு எந்தத் தயாரிப்பாளரும் வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். பூசணிக்காய்க்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அண்ணன் வேறொன்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். "அந்தப் பாத்திரத்தைச் சரியா எழுதலை" என்பது நியாயமான விமர்சனம். குழாயின் நீளம் அதற்குப் பதில் சொல்லாது. ஐந்தே நிமிடம் வந்து மனதில் நிற்பவரும் உண்டு, இரண்டு மணி நேரம் வந்து மரம் மாதிரி நிற்பவரும் உண்டு. "அதிகம்" என்று சொல்லும்போது மட்டும்தான் அது எண்ணிக்கையாகிறது. எண்ணிக்கை என்றால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

விஞ்ஞானக் கதைகளில் கருவியும் திணறும். குண்டு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரிப்பது கடினம். முகமூடி போட்ட பாத்திரத்தின் குரலைக் கணினியில் இறக்கிக் கொடுத்தால், ஒத்ததிர்வுகளும் சேர்ந்து இறங்கி, பெண் ஆணாகிவிடுவாள். ரோபோவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது தனிப் பஞ்சாயத்து.

அந்த மாணவி பார்த்தது டப்பிங் படம் என்பதால் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழில் சிறுவர் பாத்திரங்களுக்குப் பல நேரம் பெண்கள்தான் குரல் கொடுக்கிறார்கள். கருவி அந்த நேரத்தையும் பெண் கணக்கில் எழுதிவிடும். ஆங்கிலத்தில் பழகிய கருவியைத் தமிழுக்கு அப்படியே திருப்பிவிட்டால் போதாது. முதலில் சில பத்து தமிழ்ப் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் யார் குரல், எந்தப் பாத்திரம் என்று கையால் குறித்துத் தர வேண்டும். பொறுமையான நாலைந்து மாணவர்களும், கொஞ்சம் உதவித்தொகையும் இருந்தால் முடிகிற வேலை. அதுவரை அண்ணனும் தங்கையும் ஓ.டி.டி.யில் அந்தப் படத்தைப் போட்டு, ஆளுக்கொரு செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் பெண்களின் வசனத்தை அளக்கட்டும், தங்கை ஆண்களுடையதை.